ஆயுத பூஜையன்று கிளம்பாத படகு

சென்ற மாதம் ஏரிக் கிளப்பிலிருந்து ஒரு தம்பி போன் செய்தார். இப்போது அங்கே அவர்தான் மேனேஜராம். ஏரியில் இனி பெட்ரோல் படகே கிடையாதாம், எல்லாம் பேட்டரிக்கு மாறிவிட்டதாம். அதைக் கொண்டாட ஒரு மலர் போடுகிறார்கள், பழைய ஆட்கள் ஆளுக்கு இரண்டு பக்கம் எழுத வேண்டும் என்றார்.

“அங்கிள், நீங்க படகுக்குப் பெட்ரோல் போட்ட அனுபவத்த எழுதுங்க. ஜாலியா இருக்கட்டும்.”

“பெட்ரோல் போடுறதுல இன்னாப்பா ஜாலி?”

“அதில்ல அங்கிள். பங்க்ல நாளெல்லாம் வண்டிக்குப் போட்டுக்கினே இருக்காங்க. படகுக்குன்னு தனியா என்ன இருக்குன்னு இங்க யாருக்கும் தெரியல.”

தெரியாமல் இருந்தது நல்லதுதான். தெரிந்திருந்தால் என் காலத்தில் ஒருவரும் குடும்பத்தோடு வந்து சிரித்துக்கொண்டே படகில் ஏறியிருக்க மாட்டார்கள். ஜாலியாக எழுதுகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். இரண்டு பக்கத்தில் நிற்குமா என்று தெரியவில்லை.

தனியாக என்ன இருக்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பெட்ரோலின் ஆவி காற்றைவிடக் கனமானது. ஸ்கூட்டருக்குப் போடும்போது சிந்தினால் ஆவி தரையில் இறங்கி, காற்றோடு எங்கேயோ போய்விடும். படகு என்பது ஒரு பெரிய கிண்ணம். தண்ணீர் உள்ளே வரக்கூடாது என்று ஓட்டையில்லாமல் செய்தது. தண்ணீர் உள்ளே வராத இடத்தில் ஆவி மட்டும் வெளியே எப்படிப் போகும்? அது என்ஜினுக்கு அடியில் போய்ச் சமர்த்தாகப் படுத்துக்கொள்ளும். நீங்கள் வந்து சாவியைத் திருப்பி ஒரே ஒரு பொறி கொடுக்கும் வரை எழுந்திருக்காது. எழுந்தால் எல்லாரையும் எழுப்பிவிடும்.

இந்த ஞானத்தோடு நான் பிறக்கவில்லை. தொழில் கற்றது பெங்களூர் நீலசந்திராவில் ஓர் ஆட்டோ ஷெட்டில். டேங்கில் எவ்வளவு பெட்ரோல் இருக்கிறது என்பதை எங்கள் மேஸ்திரி தீக்குச்சியைக் கொளுத்தி வைத்துக்கொண்டு எட்டிப் பார்ப்பார். அவருக்குப் புருவமே கிடையாது. பிறவியிலேயே அப்படி என்று முதல் ஒரு வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். டியூபை வாயில் வைத்து உறிஞ்சிப் பெட்ரோல் எடுப்பது, பீடியைக் காதில் செருகிக்கொண்டு கார்ப்பரேட்டர் கழுவுவது என்று அங்கே கற்றதையெல்லாம் மறக்கத்தான் பிறகு எனக்கு அதிக நாள் பிடித்தது.

கிளப்பில் படகு மெக்கானிக்காகச் சேர்ந்தது தொண்ணூற்றொன்றில். காவிரிக் கலவரம் வந்து, பெங்களூர் பஸ்ஸில் தமிழ் பேசுபவர்கள் குரலைத் தாழ்த்திக்கொண்ட அந்தக் குளிர்காலத்துக்குச் சற்று முன்பு. வேலை ஸ்திரமானது, காக்கி உடுப்பு தந்தார்கள், ஏரிக்காற்று இலவசம். வரதராஜன் சாரும் அந்த வேலையோடு சேர்ந்து வந்தார்.

வரதராஜன் சார் கிளப்பின் டெக்னிகல் ஆபீசர். மல்லேஸ்வரத்துக்காரர். தாத்தா காலத்திலேயே மைசூர் சர்க்கார் உத்தியோகத்துக்கு வந்த குடும்பம். இவரும் மாநில அரசில் எஞ்சினியராக இருந்து ரிட்டயர் ஆகி, வீட்டில் சும்மா இருக்க முடியாமல் இங்கே வந்தவர். வீட்டில் தமிழ், வெளியே கன்னடம், கோபம் வந்தால் இங்கிலீஷ். சத்தம் போட்டு நான் பார்த்ததில்லை. பச்சை மசிப் பேனா ஒன்று, படகுப் பந்தயத்துக்காக வாங்கிய ஸ்டாப் வாட்ச் ஒன்று, மூக்குப்பொடி டப்பி ஒன்று, இந்த மூன்றும் அவர் சட்டைப் பையைவிட்டு இறங்கியதே இல்லை.

படித்துறையில் ஒரு பலகை அடித்து வைத்திருந்தார். படகுக்குப் பெட்ரோல் நிரப்பும் முறை என்று தலைப்பு. கன்னடத்திலும் இங்கிலீஷிலும் பதினான்கு விதிகள். கடவுள் மோசேயிடம் கொடுத்தது பத்துதான். நம் சார் நான்கு சேர்த்துக் கொடுத்தார்.

முதலில் படகை இரண்டு கயிற்றால் கட்ட வேண்டும். ஆட்களை எல்லாம் இறக்க வேண்டும், குழந்தை தூங்குகிறது என்றாலும் தூக்கிக்கொண்டு இறங்க வேண்டும். பேட்டரி சுவிட்சை அணைக்க வேண்டும். ஜன்னல், மூடி, கதவு எல்லாவற்றையும் சாத்த வேண்டும், ஊற்றும்போது வரும் ஆவி உள்ளே நுழையக்கூடாது. சின்னப் படகுகளுக்கு டேங்கைக் கழற்றிக் கரைக்குக் கொண்டுவந்து தரையில் வைத்துத்தான் ஊற்ற வேண்டும். பெரிய படகுக்கு டேங்க் உள்ளேயே பொருத்தியிருக்கும், அதற்குப் பித்தளைப் புனல். புனலின் மூக்கு டேங்கின் வாயை விடாமல் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். டீக்கடைக்காரர் டீ ஆற்றுவதுபோல் உயரத்திலிருந்து ஊற்றினால் உராய்வில் மின்சாரம் பிறந்து பொறி பறக்கும் என்பார் சார். டேங்கை நிரப்பக்கூடாது. வாயிலிருந்து இரண்டு விரற்கடை காலி விட வேண்டும், வெயில் ஏறினால் பெட்ரோல் உப்பும். சிந்தியதைத் துடைத்து, துணியை மூடி போட்ட தகர டப்பாவில் போட வேண்டும்.

இதற்குப் பிறகுதான் முக்கியமானது. மூடிகளைத் திறந்துவிட்டு, ப்ளோயர் என்கிற காற்றாடியை நான்கு நிமிடம் ஓட விட வேண்டும். அது அடியிலிருக்கும் ஆவியை உறிஞ்சி வெளியே தள்ளும். அதன் பிறகு என்ஜின் பெட்டியைத் திறந்து, குனிந்து, மூக்கை உள்ளே விட்டு மோந்து பார்க்க வேண்டும். பெட்ரோல் வாசனை துளி வந்தாலும் மறுபடி நான்கு நிமிடம். வராவிட்டால்தான் ஸ்டார்ட், அதற்குப் பிறகுதான் ஆட்களை ஏற்ற வேண்டும்.

இந்த நாட்டில் மற்றவர்கள் அடுத்தவர் வீட்டு விஷயத்தில் மூக்கை விடுவார்கள். எனக்கு மட்டும் அதையே உத்தியோகமாகக் கொடுத்திருந்தார்கள். சார் படித்துறையின் மேல்படியில் ஸ்டாப் வாட்சோடு நிற்பார். நான்கு நிமிடம் முடிந்ததும் ஒரே கேள்விதான்.

“மூக்கை விட்டியோ?”

“விட்டேன் சார்.”

“என்ன வந்தது?”

“ஒண்ணும் வரல சார்.”

“டிக் போடு.”

லாக் புக்கில் டிக் போடுவேன். அவர் பக்கத்தில் பச்சை மசியில் கையெழுத்துப் போட்டுவிட்டு ஒரு சிட்டிகை பொடி இழுத்துக்கொள்வார். தான் ஏன் ஒரு நாளும் குனிந்து மோந்து பார்ப்பதில்லை என்று அவர் சொன்னதில்லை. முப்பது வருடம் பொடி போட்ட மூக்குக்குப் பெட்ரோலும் பெருங்காயமும் ஒன்றுதான் என்பது எனக்கே பல மாதம் கழித்துத்தான் உறைத்தது.

வாடிக்கையாளர்களுக்கு இந்த நான்கு நிமிடம் பிடிக்கவே பிடிக்காது. பெங்களூரில் சிக்னலில் நிற்பார்கள், மசால் தோசைக்கு அரை மணி நேரம் நிற்பார்கள், ஏரிக்கரையில் நான்கு நிமிடம் நிற்கச் சொன்னால் உரிமைப் பிரச்சினை ஆகிவிடும். புதிதாகக் கம்ப்யூட்டர் கம்பெனிகள் வந்த சமயம், கழுத்தில் அடையாள அட்டையோடு ஒருவர் வந்தார். “ஏன் பாஸ், பேன் போட்டு என்ஜினைக் குளிர வைக்கிறீங்களா? வண்டி அவ்ளோ பழசா?” என்றார். கையில் சிகரெட். நான் அதை வாங்கி ஏரியில் போட்டேன். அவர் புகார்ப் புத்தகத்தில் ஒரு பக்கம் எழுதினார். சார் அதற்குக் கீழே “நோட்டட்” என்று பச்சையில் போட்டுவிட்டு என்னைப் பார்த்து, “அடுத்த தடவை தட்டில வாங்கி அணை, ஏரில போடாதே” என்றார்.

அந்த “நோட்டட்” என்ற சொல்லைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்களிடம் பன்னிரண்டு பேர் உட்காரும் பெரிய படகு ஒன்றுதான். பெட்ரோல் ஊற்றும் வாய்க்கும் டேங்குக்கும் நடுவே ஒரு ரப்பர் ஹோஸ். அது வெடித்துப் போயிருந்தது. இரண்டு விரற்கடை காலி விட்டால் பெட்ரோல் ஹோஸ் வரைக்கும் ஏறாது, பிரச்சினை இல்லை. கழுத்து வரைக்கும் நிரப்பினால் வெடிப்பு வழியாகக் கசிந்து என்ஜினுக்கு அடியில் சொட்டும். இதை லாக் புக்கில் எழுதினேன். “நோட்டட். இரண்டு விரற்கடை விதியைக் கண்டிப்பாகக் கடைப்பிடிக்கவும்” என்று பதில் வந்தது. இரண்டு மாதம் கழித்து மறுபடி எழுதினேன். “நோட்டட்.” மூன்றாம் முறை எழுதியபோது வெறும் கையெழுத்து. சர்க்காரில் முப்பது வருடம் இருந்தவர். ஒரு ஹோஸை மாற்றுவதைவிட ஊழியனை மாற்றுவது சுலபம் என்று அவருக்குத் தெரியும். நானும் மாறிக்கொண்டேன். இரண்டு விரலை டேங்கின் வாயில் வைத்து அளந்தே ஊற்றினேன்.

இனி அந்த ஆயுத பூஜை.

மற்ற ஊர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை. பெங்களூரில் ஆயுத பூஜை என்றால் ஓடுவது எல்லாவற்றுக்கும் பூஜை உண்டு. பஸ், ஆட்டோ, மாவு மெஷின், கம்ப்யூட்டர், யாரும் தப்ப முடியாது. வாழைக்கன்று கட்டுவார்கள், சந்தனம் குங்குமம் வைப்பார்கள், சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குவார்கள், பூசணிக்காய் உடைப்பார்கள். கிளப்பில் வருடத்தில் அன்று ஒரு நாள்தான் ஊழியர் குடும்பங்களுக்குப் பெரிய படகில் ஒரு சுற்று இலவசம். என் மனைவி மல்லிகாவும் மகள் ரேவதியும் ஒரு மாதமாக நாள் எண்ணிக்கொண்டிருந்தார்கள். ரேவதிக்கு எட்டு வயது. பள்ளியில் இருக்கிற பிள்ளைகளிடமெல்லாம் அப்பாதான் கப்பல் ஓட்டுகிறார் என்று சொல்லி வைத்திருந்தாள்.

காலை எட்டரைக்கு நான் பெரிய படகுக்குப் பெட்ரோல் ஊற்றிக்கொண்டிருந்தேன். இரண்டு விரற்கடை விட்டு நிறுத்தினேன். கிளப் பிரசிடென்ட் பட்டு வேஷ்டியோடு வந்து எட்டிப் பார்த்தார்.

“ஹப்பத தினா அரை டேங்க்கா? ஃபுல் மாடப்பா.”

பண்டிகை நாளில் டேங்க் குறையாக இருந்தால் வருடம் முழுக்கக் குறையாம். நான் சாரைப் பார்த்தேன். அவர் பஞ்சகச்சத்தில், நெற்றியில் புதுத் திருமண்ணோடு நின்றுகொண்டிருந்தார்.

“சார், ஹோஸு...”

“தெரியும். ஒரு நாள்தானே. ஊத்து.”

ஊற்றினேன். பதினான்கு விதிகளை எழுதியவரே சொன்ன பிறகு பதினைந்தாவதாக நான் யார்? வாய் வரைக்கும் பெட்ரோல் வந்து பளபளவென்று நின்றது. பிரசிடென்ட் மனம் குளிர்ந்து போனார். ப்ளோயரை நான்கு நிமிடம் ஓட்டினேன், மூக்கை விட்டேன், ஒன்றும் வரவில்லை, டிக் போட்டேன். எட்டு ஐம்பதுக்கு எல்லாம் சரியாகத்தான் தெரிந்தது. பெட்ரோல், பங்க்கின் பூமிக்கடித் தொட்டியிலிருந்து வந்த குளிர்ச்சியிலேயே இருந்தது. வெயில் இன்னும் ஏறவில்லை.

அதன் பிறகு அலங்காரம். அதில்தான் என் கலை உள்ளம் விழித்துக்கொண்டது. பெரிய படகின் பின்பக்கத்தில், காதுபோல் வளைந்த இரண்டு காற்றுக் குழாய்கள் உண்டு. என்ஜின் அறைக்கு மூச்சே அவைதான். அந்தக் காதுகளில் ஆளுக்கொரு சாமந்திப் பந்தை வைத்து அடைத்தால் எவ்வளவு அழகாக இருக்கும் என்று தோன்றியது. யாரும் சொல்லவில்லை, நானேதான் வைத்தேன். உதிராமல் இருக்க நன்றாக அழுத்தி, நாரால் கட்டினேன். எல்லாரும் பாராட்டினார்கள்.

அய்யர் வந்தார். எலுமிச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு, “சக்கரம் எங்கே?” என்று கேட்டார். படகுக்குச் சக்கரம் இல்லை என்று விளக்கியதில் கால் மணி நேரம் போனது. கடைசியில் நான்கு பழங்களையும் படகுக்கு முன்னால் தண்ணீரில் மிதக்க விடுவது என்று முடிவாயிற்று. சாம்பிராணி போட்டார்கள், ஊதுபத்தி கட்டுக் கட்டாக ஏற்றினார்கள். எனக்கு இரண்டு நாளாக ஜலதோஷம் வேறு. புகையில் கண்ணும் மூக்கும் ஒழுக நின்றேன். வெயில் ஏறிக்கொண்டிருந்தது.

பதினொன்றே முக்காலுக்குப் பூஜை முடிந்தது. பன்னிரண்டுக்கு ராகு காலம், அதற்குள் என்ஜின் சத்தம் கேட்டுவிட வேண்டும் என்றார் அய்யர். உடனே ஏறிவிட்டார்கள். முன்னால் பிரசிடென்ட்டும் அவருடைய இரண்டு பேரப்பிள்ளைகளும். பின்னால் எங்கள் குடும்பங்கள். என்ஜின் பெட்டியின்மேல் மெத்தை போட்டிருக்கும், அது குழந்தைகளுக்குப் பிடித்த இடம். ரேவதி அதன்மேல் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தாள். பட்டுப்பாவாடை, தலை நிறைய மல்லிகைப்பூ. கரையில் பூசணிக்காயின் தலையில் கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது. பத்தடி தூரம்கூட இல்லை.

நான் ஓட்டும் இருக்கைக்குப் போனேன். பழக்கதோஷம், கை ப்ளோயர் சுவிட்சுக்குப் போயிற்று.

“அது வேண்டாம்,” என்றார் சார் கரையிலிருந்து. “காலம்பற போட்டாச்சே. லாக்கில டிக் இருக்கு.”

நியாயம்தான். டிக் இருந்தது. மூன்று மணி நேரமாக நான் அந்தப் படகைச் சுற்றித்தான் நின்றேன், பெட்ரோல் வாசனையே வரவில்லை. அதுவும் நியாயம்தான். அப்போது என்ன தோன்றியதோ, படகிலிருந்து இறங்கினேன். படித்துறையில் சின்னப் படகுகளின் டேங்குகள் சந்தனப் பொட்டோடு வரிசையாக இருந்தன. ஒன்றின் மூடியைத் திருகித் திறந்து, வாயில் மூக்கை வைத்து, நெஞ்சு நிறைய இழுத்தேன்.

மற்ற நாளில் தலை சுற்றியிருக்கும். அன்று ஒன்றுமே வரவில்லை. சாம்பிராணியின் நினைவு மட்டும் மூக்கில் இருந்தது.

 மூன்று மணி நேரமாக எனக்கு மூக்கே இல்லை. இல்லாத மூக்கை நம்பித்தான் நல்ல சேதி என்று இருந்திருக்கிறேன். திரும்பிப் படகைப் பார்த்தேன். அப்போதுதான் அந்த இரண்டு சாமந்திப் பந்துகளும் கண்ணில் பட்டன. வாய் வரைக்கும் நிரப்பிய டேங்க், வெடித்த ஹோஸ், உச்சி வெயில், மூச்சடைத்த என்ஜின் அறை. அதன்மேல் என் மகள் உட்கார்ந்து காலாட்டிக்கொண்டிருந்தாள்.

ஓடிப்போய்ப் படகில் ஏறினேன். “சார், எல்லாரையும் இறக்கணும்.”

“ஏனு ஆயித்து?” என்றார் பிரசிடென்ட்.

பெட்ரோல் என்று வாயைத் திறந்தால் பன்னிரண்டு பேரும் ஒரே பக்கமாகப் பாய்வார்கள். படகு கவிழும். கற்பூரம் எரியும் பக்கமாகத்தான் பாய்வார்கள்.

“சும்மா ஒரு செக்கிங் சார்,” என்றேன்.

சார் படகின் ஓரத்துக்கு வந்துவிட்டார். குரல் தாழ்ந்துதான் இருந்தது. “தனபால், பன்னெண்டுக்கு அஞ்சு நிமிஷம்தான் இருக்கு. மானத்தை வாங்காதே. ஸ்டார்ட் பண்ணு.”

“மூக்கு வேல செய்யல சார்.”

“என்னது?”

“என் மூக்கு சார். நீங்க மோந்து பாருங்க.”

அவர் முகம் சிவந்துவிட்டது. இத்தனை வருடத்தில் அவரிடம் நான் கேட்கக்கூடாத ஒன்றைப் பன்னிரண்டு பேர் முன்னால் கேட்டுவிட்டேன். “நகரு,” என்று படகுக்குள் குனிந்து தானே சாவிக்குக் கையை நீட்டினார்.

சாவி கை தவறி ஏரியில் விழுந்தது என்று எழுதத்தான் ஆசை. நான் அவர் கையைத் தட்டிவிட்டு, சாவியைப் பிடுங்கி, வீசி எறிந்தேன். எலுமிச்சம்பழங்களையும் தாண்டிப் போய் விழுந்தது.

 எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். அய்யர் சிவசிவா என்றார். பிரசிடென்ட் எனக்குப் புரியும் என்று தெரிந்தே கன்னடத்தில் சொன்னதை மலரில் போட முடியாது. குடித்துவிட்டு வந்திருக்கிறான் என்று யாரோ சொன்னார்கள். மாற்றுச் சாவி பிரசிடென்ட் வீட்டு பீரோவில் இருந்தது, அது வந்து சேர்வதற்குள் ராகு காலம் வந்துவிடும். ஒவ்வொருவராக முறைத்துக்கொண்டே இறங்கினார்கள். நான் வேண்டியதும் அதுதான். ரேவதி கடைசியில் இறங்கினாள். அழவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. மல்லிகா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, “ஏங்க இப்படிப் பண்ணீங்க?” என்று மட்டும் கேட்டாள்.

எல்லாரும் பந்தலுக்குச் சாப்பிடப் போன பிறகு நானும் சாரும் மட்டும் நின்றோம். நான் படகில் இறங்கி, மெத்தையை எடுத்துவிட்டு, என்ஜின் பெட்டியை மெல்ல ஒரு சாண் தூக்கினேன். மூக்குக்குத் தெரியாதது கண்ணுக்குத் தெரிந்தது. கண் எரிந்தது. அடியில் கிடந்த தண்ணீரின்மேல் மயில் கழுத்து நிறத்தில் பெட்ரோல் படர்ந்து கிடந்தது. ஹோஸிலிருந்து இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. சார் எட்டிப் பார்த்தார்.

அவர் படித்துறையில் இருந்த பக்கெட்டை எடுத்தார், ஏரியில் மொண்டார், நேராகப் போய்ப் பூசணிக்காயின்மேல் எரிந்த கற்பூரத்தில் கொட்டினார். ஊதுபத்திகள், விளக்கு, சாம்பிராணிச் சட்டி என்று ஒவ்வொன்றாகத் தன் கையாலேயே அணைத்தார். மூன்று வேளையும் சந்தியாவந்தனம் தவறாத மனிதர். அய்யர் பந்தலிலிருந்து பதறி ஓடி வந்தார்.

“காத்து ஜாஸ்தியா இருக்கு ஸ்வாமி,” என்றார் சார். ஓர் இலைகூட அசையவில்லை.

மூடிகளைத் திறந்து வைத்துவிட்டு, துணியில் ஒற்றி ஒற்றிப் பிழிந்தோம். ஒன்றரைச் சொம்பு பெட்ரோல் வந்தது. அவர் பஞ்சகச்சத்தோடு மண்டிபோட்டுப் பிழிந்தார். நடுவில் நிமிர்ந்து, காற்றுக் குழாய்களைப் பார்த்தார்.

“இந்தப் புஷ்பம் யாரு வெச்சது?”

“நான்தான் சார்.”

கொஞ்ச நேரம் துணியைப் பிழிந்தார்.

“ஹோஸைப் பத்தி எத்தனை தரம் எழுதியிருக்கே?”

“மூணு தரம் சார்.”

அதற்குப் பிறகு நாங்கள் அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவில்லை. பேச வேண்டிய அவசியமும் இல்லை. என் பூவை அவர் சொன்னால் அவருடைய பச்சை மசியை நான் சொல்ல வேண்டியிருக்கும். மறுநாள் தன் அறைக்குக் கூப்பிட்டு ஒரு மெமோ கொடுத்தார். கிளப் சொத்தான சாவியைக் கவனக்குறைவால் ஏரியில் தொலைத்ததற்கு விளக்கம் கேட்டு, அருமையான இங்கிலீஷில். அதற்கு நான் எழுத வேண்டிய பதிலையும் அவரே எழுதி வைத்திருந்தார். அதுவும் அருமையான இங்கிலீஷ். கையெழுத்துப் போட்டேன். லாக் புக்கில் அந்தத் தேதிக்கு எதிரே, “சாவி தண்ணீரில் விழுந்தது. வேறு விசேஷம் இல்லை” என்று இருக்கும். மூன்று புகாருக்கு வராத புது ஹோஸ் ஒரே வாரத்தில் எந்தக் காகிதமும் இல்லாமல் வந்து சேர்ந்தது.

கிளப்பில் எனக்குக் குடிகாரன் என்ற பெயர் நிலைத்தது. நான் டீயைத் தவிர எதுவும் குடித்ததில்லை. அது எனக்குப் பெரிதாகப் படவில்லை. வீட்டில்தான் தாங்க முடியவில்லை. ரேவதி ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. பள்ளியில் எல்லாரும் கப்பல் எப்படி இருந்தது என்று கேட்டார்களாம். என்ஜின் கெட்டுப்போச்சு என்று சொன்னாளாம். உண்மையைச் சொல்லலாம் என்று ஒவ்வொரு நாளும் வாயெடுப்பேன். உன்னைக் காப்பாற்றினேன் என்று சொன்னால், எதிலிருந்து என்று கேட்பாள். அப்பா வைத்த பூவிலிருந்து என்று எப்படிச் சொல்வது? மல்லிகாவிடமும் சொல்லவில்லை. இப்போது எழுதும்போதுதான் முதல் முறையாகச் சொல்கிறேன். நான் கோழை என்று அவர்கள் நினைத்தால் அது சரிதான்.

அடுத்த வருடமும் ஆயுத பூஜை வந்தது, அது யாருக்காகவும் நிற்பதில்லை. ஊழியர் குடும்பங்களுக்கு மறுபடி இலவசச் சுற்று. மல்லிகா வர மாட்டேன் என்றாள். ரேவதி வந்தாள். டேங்கில் நான் விட்ட இரண்டு விரற்கடையைப் பற்றிப் பிரசிடென்ட் மறுபடி பேச ஆரம்பித்தார். சார் அவரைக் கையைப் பிடித்துப் பந்தலுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். கற்பூரத்தைக் கிளப் கேட்டுக்கு வெளியே வைத்துவிட்டார். படகில் ஒரு பூகூட இல்லை, சந்தனப் பொட்டு மட்டும். யாரையும் ஏற்றாமல், எல்லாரையும் கரையில் வெயிலில் நிற்க வைத்துவிட்டு, ப்ளோயரைப் போட்டேன். சார் மேல்படியில் ஸ்டாப் வாட்சோடு நின்றார்.

நான்கு நிமிடம் முடிந்தது. பெட்டியைத் திறந்து மூக்கை விட்டேன். அந்த வருடம் எனக்கு ஜலதோஷம் இல்லை. ஒன்றும் வரவில்லை. எழுந்து சாவிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். கை அதன்மேல் போயிற்று, திருப்ப வரவில்லை. 

கரையிலிருந்து ரேவதி சத்தமாகக் கேட்டாள். “அப்பா, இந்தத் தடவயாவது ஸ்டார்ட் பண்ணுவியா, இல்ல சாவிய தூக்கிப் போட்டுடுவியா?”

கூட்டம் முழுக்கச் சிரித்தது. அய்யர்கூடச் சிரித்தார். நான் தலையைத் தூக்கி மேல்படியைப் பார்த்தேன். சார் மட்டும் சிரிக்கவில்லை. ஸ்டாப் வாட்சை அழுத்தி, முள்ளை மறுபடி பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவந்தார். படியிறங்கி வந்து, வேஷ்டியைத் தூக்கிச் செருகிக்கொண்டு, படகில் ஏறி, என்ஜின் பெட்டிக்கு முன்னால் மண்டிபோட்டு, பொடி போட்ட அந்த மூக்கை உள்ளே விட்டு நிதானமாக இழுத்தார்.

“எனக்கு ஒண்ணும் தெரியலை,” என்றார். “இன்னொரு நாலு நிமிஷம் ஓடட்டும் தனபால்.”